பூஷேரிலிருந்து அபாதான் வரை: ஈரானில் ஒரு பேரரசின் தடம்

பாரசீக வளைகுடாவின் வடகரையில், ஒரு சிறு தீபகற்பத்தின் நுனியில் இருக்கும் பூஷேர், ஈரானுக்கு வரலாறு தேடிச் செல்வோர் முதலில் நாடும் ஊர் அன்று; அவர்களில் பெரும்பாலோர் பெர்சிபோலிஸின் தூண்களுக்கும் இஸ்ஃபஹானின் நீல மசூதிகளுக்கும் போய்விடுகின்றனர். ஆனால், ஒரு நாட்டைக் கைப்பற்றாமலும் அங்கே தன் ஆளுநரை அமர்த்தாமலும், ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டுக் காலம் அந்நாட்டின் போக்கைத் தன் வசதிக்கேற்ப வளைத்துவந்த பிரிட்டிஷ் பேரரசின் வேலைமுறையை அறிய விரும்புவோருக்குப் பூஷேரே தலைவாசல். ஈரான் ஒருபோதும் பிரிட்டிஷ் குடியேற்ற நாடாக இருந்ததில்லை என்பது உண்மைதான். எனினும் இங்கிருந்து தெஹ்ரானுக்கும், பின் தென்மேற்கே அபாதானுக்கும் செல்லும் வழியில், அந்தப் பேரரசு கைவைக்காத ஊரைக் காண்பது கடினம். அந்தக் கைகளில் மிகப் பல இந்தியக் கைகள் என்பதே இந்தப் பயணம் திரும்பத் திரும்ப உணர்த்தும் செய்தி.

பூஷேரின் பழைய நகரம் நான்கு குடியிருப்புகளாகப் பிரிந்து கிடக்கிறது. கடற்கரையை ஒட்டிய சந்துகள் ஆள் இருவர் தோளுரசிப் போகும் அளவே அகலம் கொண்டவை. இருபுறமும் கடற்கல்லால் கட்டிச் சுண்ணாம்பு பூசிய இரண்டு, மூன்று மாடி வீடுகள், கடற்காற்றை உள்ளே இழுப்பதற்காக மேல்மாடிகளில் ‘ஷனாஷீர்’ எனப்படும் மரச்சட்ட முன்மாடங்களை நீட்டிக்கொண்டிருக்கின்றன. இந்த நகரில்தான் 1763-இல் கரீம் கான் ஸந்த் என்னும் ஈரானிய ஆட்சியாளர் வழங்கிய ஆணையின் பேரில் கிழக்கிந்தியக் கம்பெனி தன் வணிகக் கிடங்கை அமைத்தது. கம்பெனிக்கு ஈரான் அப்போது புதிதன்று. 1622-இலேயே அதன் கப்பல்கள் ஷா அப்பாஸின் படைக்குத் துணைநின்று ஹோர்முஸ் தீவிலிருந்து போர்த்துகீசியரை விரட்டியிருந்தன. அதற்குக் கைம்மாறாக பந்தர் அப்பாஸ் துறைமுகத்தின் சுங்க வருவாயில் பாதி கம்பெனிக்குத் தருவதாகப் பேசப்பட்டது. படை உதவிக்கு வணிகச் சலுகை, வணிகச் சலுகையைக் காக்க மீண்டும் படை என்னும் வழக்கம் அப்போதே தொடங்கிவிட்டது.

பூஷேர்க் கிடங்கு நாளடைவில் ‘ரெசிடென்சி’ ஆயிற்று. ரெசிடென்ட் என்பவர் பெயரளவில் தூதர். ஆனால் தூதரைப்போல் லண்டனுக்குக் கட்டுப்பட்டவர் அல்லர். தொடக்கத்தில் பம்பாய் அரசுக்கும், 1873 முதல் கல்கத்தாவிலிருந்த இந்திய அரசுக்கும் அவர் பதில் சொன்னார். எதிர்க்கரையில் இருந்த அரபு ஷேக்குகளுடன் 1820-இலும் 1853-இலும் செய்துகொள்ளப்பட்ட அமைதி உடன்படிக்கைகளை மேற்பார்வையிடுவதும், வளைகுடாவில் ரோந்து வந்த போர்க்கப்பல்களை ஏவுவதும் அவர் பொறுப்பில் இருந்தன. ஈரானிய மண்ணில் அமர்ந்தபடி, இந்தியச் சிப்பாய்கள் வாயிலில் காவல் நிற்க, மற்றொரு கரையின் அரசியலை நடத்திய இந்த அதிகாரியின் அலுவலகம் 1946-இல்தான் பஹ்ரைனுக்கு மாற்றப்பட்டது.

இத்தனைக்கும் காரணம் நிலப்படத்தில் இருந்தது. ஈரானுக்கு வடக்கே ரஷ்யா, மேற்கே உதுமானியப் பேரரசு, கிழக்கே ஆப்கானிஸ்தானையும் பலுசிஸ்தானையும் தாண்டினால் இந்தியா. ஐரோப்பியப் படை ஒன்று இந்தியாவை நோக்கி நிலவழியே வருமானால் அது ஈரானைத் தொட்டே வரவேண்டும் என்ற அச்சம், முதலில் நெப்போலியனை எண்ணியும் பின்னர் ரஷ்ய ஜாரை எண்ணியும், கல்கத்தாவின் தூக்கத்தைக் கெடுத்தது. அந்த அச்சம் எவ்வளவு மெய், எவ்வளவு கற்பனை என்பது வேறு செய்தி. படைகளை நகர்த்துவதற்குக் கற்பனையே போதுமானதாக இருந்தது.

1800-இல் பூஷேரில் வந்திறங்கிய ஜான் மால்கம் அந்த அச்சத்தின் தூதர். சிறுவனாக இருக்கும்போதே கம்பெனியின் மெட்ராஸ் படையில் சேர்க்கப்பட்டு, சென்னையிலும் தக்காணத்திலும் வளர்ந்து, 1799-இல் ஸ்ரீரங்கப்பட்டினப் போரில் பங்குகொண்டவர் அவர். திப்பு சுல்தான் வீழ்ந்த மறு ஆண்டிலேயே, கவர்னர் ஜெனரல் வெல்லெஸ்லியின் ஆணைப்படி, நூற்றுக்கணக்கான பரிவாரங்களோடும் அள்ளி வழங்குவதற்கான பரிசுகளோடும் அவர் ஷாவின் அவைக்குச் சென்றார். 1801-இல் கையெழுத்தான உடன்படிக்கை பிரெஞ்சுக்காரரை ஈரானுக்குள் விடாதிருக்கவும், காபூல் மன்னர் இந்தியாமீது பாய்ந்தால் ஈரான் அவரைத் தாக்கவும் வகைசெய்தது. ஈரானை உண்மையில் அச்சுறுத்திய ரஷ்யாவைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை. 1804-இல் ரஷ்யப் படை காகசஸ் வழியே இறங்கியபோது ஷா உதவி கேட்டார். பிரிட்டனோ அப்போது ரஷ்யாவின் நட்பை நாடிக்கொண்டிருந்தது. கைவிடப்பட்ட ஷா, 1807 மே மாதம் நெப்போலியனுடன் உடன்படிக்கை செய்துகொண்டார். இரண்டே மாதங்களில் நெப்போலியனும் ஜாருடன் சமாதானமாகிவிட்டார்.

அடுத்த சில ஆண்டுகளில் நடந்தவை ஒரு நாடகத்துக்கு உரியவை. லண்டன் ஹார்ஃபோர்டு ஜோன்ஸ் என்பவரைத் தூதராக அனுப்ப, கல்கத்தா மால்கமை மீண்டும் அனுப்பியது; இருவரும் ஒரே பேரரசின் தூதர்கள், ஒருவரையொருவர் வெட்டிப் பேசியவர்கள். ஜோன்ஸும் அவருக்குப் பின் வந்தவர்களும் செய்து, 1814-இல் இறுதி வடிவம் பெற்ற உடன்படிக்கையின்படி, ஐரோப்பிய நாடொன்று தாக்கினால் ஈரானுக்கு ஆண்டுக்கு 2,00,000 தொமான் வழங்கப்பட வேண்டும். தொமான் என்பது ஈரானின் பொன் நாணயம். 1826-இல் ரஷ்யாவுடன் போர் மூண்டபோது, முதலில் தாக்கியது ஈரானே என்று காரணம் காட்டி பிரிட்டன் பணம் தர மறுத்தது. தோற்றுப்போன ஈரான், 1828-இன் துர்க்மன்சாய் உடன்படிக்கைப்படி போர் இழப்பீடு கட்டத் திண்டாடிய வேளையில், மால்கமைப் போலவே மெட்ராஸ் படையிலிருந்து வந்த தூதர் ஜான் மக்டானல்டு, அதே 2,00,000 தொமானைக் கொடுத்து அந்த உதவி விதிகளையே உடன்படிக்கையிலிருந்து நீக்கச் செய்தார். நண்பனின் இடுக்கண் களைவதற்கான வாக்கை, அந்த இடுக்கணையே பயன்படுத்தி விலைக்கு வாங்கிவிட்ட இந்தச் செயலுக்கு இணையான இராஜதந்திரம் அரிது.

பூஷேருக்குத் தெற்கே, இன்று நகரோடு இணைந்துவிட்ட ரிஷஹரில் ஒரு பழைய கோட்டையின் மண்மேடுகள் கடலைப் பார்த்துக் கிடக்கின்றன. 1856 டிசம்பர் 9 அன்று பம்பாயிலிருந்து வந்த படை இங்குதான் கடும் போரிட்டது. போருக்கு மேலோட்டமான காரணம் தெஹ்ரானில் நடந்த ஒரு வம்பு: பிரிட்டிஷ் தூதர் சார்லஸ் மரே, மீர்ஸா ஹாஷிம் கான் என்பவரைத் தன் தூதரகப் பணியில் அமர்த்த முயன்றார், ஹாஷிம் கானின் மனைவி ஷாவின் அரசி ஒருவரின் சகோதரி, ஈரானியத் தலைமை அமைச்சர் தூதரையும் அப்பெண்ணையும் இணைத்துப் பேச்சுக் கிளப்பினார், தூதர் கொடியை இறக்கிக்கொண்டு 1855 டிசம்பரில் வெளியேறினார். உண்மையான காரணம் ஹெராத். இன்று ஆப்கானிஸ்தானில் உள்ள அந்நகரை இந்தியாவின் திறவுகோல் என்று கருதிய பிரிட்டிஷார், 1837-38-இல் ஈரான் அதை முற்றுகையிட்டபோது வளைகுடாவின் கார்க் தீவில் படையை இறக்கி, ஷாவைப் பின்வாங்க வைத்திருந்தனர். 1856 அக்டோபரில் ஹெராத் ஈரானிடம் வீழ்ந்ததும் பழைய வழியையே மீண்டும் பற்றினர்: கார்க் தீவு, ஹலீலே கடற்கரை, ரிஷஹர், மறுநாள் பூஷேர்.

பூஷேரிலிருந்து வடகிழக்கே செல்லும் நெடுஞ்சாலை, உப்புப் பூத்த சமவெளியைக் கடந்து, பேரீச்சந்தோப்புகள் சூழ்ந்த பொராஸ்ஜானை அடைகிறது. காரில் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகாத இந்த 70 கிலோமீட்டர்ச் சொச்சத்தைத் தளபதி ஜேம்ஸ் அவுட்ராமின் படை 1857 பிப்ரவரியில் கொட்டும் மழையிலும் முழங்கால் சேற்றிலும் நடந்து கடந்தது. ஈரானியப் படை முகாமை விட்டு மலைக்கு ஒதுங்கிவிட்டிருந்ததால், கிடைத்த வெடிமருந்தை எரித்துவிட்டு அவர்கள் திரும்பிக்கொண்டிருந்தபோது, பிப்ரவரி 8 அன்று குஷாபில் போர் மூண்டது. பம்பாய்க் குதிரைப்படையின் மூன்றாம் அணி, ஈரானியக் காலாட்படை வகுத்திருந்த சதுர வியூகத்தை நேராகப் பாய்ந்து உடைத்தது. குதிரைப்படை சதுரத்தை உடைப்பது போர்க்கலையில் மிக அரிய நிகழ்ச்சி. இதற்காக இரண்டு விக்டோரியா கிராஸ் விருதுகள் வழங்கப்பட்டன. இரண்டும் பிரிட்டிஷ் அதிகாரிகளுக்கே, ஏனெனில் அன்றைய விதிப்படி இந்தியச் சிப்பாய் அவ்விருதுக்கு உரியவன் அல்லன். மெட்ராஸ் சாப்பர்ஸ் எனப்படும் பொறியாளர் படைப்பிரிவும் இப்போரில் பணியாற்றியது. ‘பெர்ஷியா’ என்னும் பெயர் அப்படைப்பிரிவின் போர்ச் சிறப்புகளின் பட்டியலில் இடம்பெற்றது.

இப்போரின் முடிவு, போரைவிட வியப்பானது. மார்ச் 4 அன்று பாரிஸில் சமாதான உடன்படிக்கை கையெழுத்தாகிவிட்டது. செய்தி வந்து சேராததால், 22 நாள் கழித்து மார்ச் 26 அன்று காருண் ஆற்று முகத்திலுள்ள முஹம்மரா மீது, இன்றைய கோரம்ஷஹர் மீது, பிரிட்டிஷ் கப்பல்கள் குண்டு பொழிந்தன. உடன்படிக்கையோ நிலத்தையும் கேட்கவில்லை, இழப்பீட்டையும் கேட்கவில்லை. ஹெராத்தை விட்டுவிட வேண்டும், தூதரிடம் வருத்தம் தெரிவிக்க வேண்டும் என்பனவே முதன்மையான நிபந்தனைகள். ஷாவை ஒடுக்கினால் அவர் ரஷ்யாவின் மடியில் போய் விழுவார் என்ற கணக்கே இந்தப் பெருந்தன்மைக்கு அடிப்படை. ஈரானிலிருந்து விடுபட்ட படைகளும் தளபதிகள் அவுட்ராமும் ஹேவ்லாக்கும் அதே ஆண்டு லக்னோவில், இந்தியச் சிப்பாய்களின் கிளர்ச்சிக்கு எதிராகப் போரிடப் போய்ச் சேர்ந்தனர்.

பொராஸ்ஜானுக்கு அப்பால் சாலை மலையேறுகிறது. ‘கோத்தல்’ எனப்படும் கணவாய்கள் ஒன்றன்மேல் ஒன்றாக எழுகின்றன. காஸெரூனைத் தாண்டியதும் வருபவை குமரிக் கணவாயும் கிழவிக் கணவாயும். கழுதை வணிகர்கள் நாள்கணக்கில் ஏறிய பழைய பாதையின் கற்படிகளைப் புதிய சாலையிலிருந்து இறங்கி நடப்போர் இன்றும் காணலாம். இவ்வழியே 1864-இல் தந்திக் கம்பி வந்தது. லண்டனையும் இந்தியாவையும் இணைத்த கம்பி, தெஹ்ரானிலிருந்து இஸ்ஃபஹான், ஷிராஸ் வழியாகப் பூஷேருக்கு இறங்கி, அங்கிருந்து கடலடியே கராச்சிக்குச் சென்றது. கம்பி இருந்த இடமெல்லாம் ஒரு தந்தி நிலையம், நிலையம் தோறும் ஓர் ஆங்கிலேயப் பணியாளர், அவரைக் காக்க வேண்டும் என்னும் காரணம். 1911-இல் அந்தக் காரணத்தைச் சொல்லியே இந்தியக் குதிரைப்படை ஷிராஸுக்கு அனுப்பப்பட்டது.

அடுத்த பெரும் மோதலும் இம்மலைகளிலேயே நடந்தது. முதல் உலகப் போரில் ஈரான் நடுநிலை நாடு என்று அறிவித்திருந்தும், 1915 ஆகஸ்டில் பிரிட்டிஷார் பூஷேரைக் கைப்பற்றி, ஈரானிய அஞ்சல்தலைகள் மீதே ‘பிரிட்டிஷ் ஆக்கிரமிப்பில் பூஷேர்’ என்று அச்சடித்து வெளியிட்டனர். பூஷேருக்குத் தெற்கே தெல்வார் என்னும் மீனவ ஊரைச் சேர்ந்த ரயீஸ் அலி தெல்வாரி, தங்கிஸ்தான் குடியினரைத் திரட்டி அவர்களை எதிர்த்து, சில வாரங்களில் கொல்லப்பட்டார். அவருடைய வீடு இன்று அருங்காட்சியகம். 1916-இல் பெர்சி சைக்ஸ் என்னும் அதிகாரி ஈரானியரைக் கொண்டே ‘தென் பாரசீகத் துப்பாக்கிப் படை’யைத் திரட்டினார். அந்த நாட்டு அரசின் முழு ஏற்பு இல்லாமல் அந்த நாட்டு மக்களைக் கொண்டே அமைத்த படை எத்தனை நாள் நிலைக்கும் என்பதற்கு, ஷிராஸுக்கு மேற்கே கான்-எ ஸெனியானில் 1918 மே மாதம் விடை கிடைத்தது: அங்கிருந்த காவல்படை கலகம் செய்து தன் பிரிட்டிஷ் அதிகாரிகளைக் கொன்றுவிட்டு, கஷ்காய் குடியினரோடு சேர்ந்துகொண்டது.

ஷிராஸையும் இஸ்ஃபஹானையும் இங்கே விரித்துரைக்க வேண்டியதில்லை. தெஹ்ரானில், ஃபெர்தோசி தெருவின் நெரிசலுக்கு நடுவே உயர்ந்த மதில்களால் சூழப்பட்ட பிரிட்டிஷ் தூதரகத் தோட்டம் அப்படி விட்டுச்செல்லத் தக்கதன்று. 1906 ஜூலையில், அரசியலமைப்பு கேட்டுக் கிளர்ந்த நகர மக்கள் ‘பஸ்த்’ எனப்படும் அடைக்கலம் தேடி இதற்குள் நுழைந்தனர். முதலில் ஐம்பது பேர். மாத இறுதியில் பன்னிரண்டாயிரத்தையும் தாண்டினர். தூதர்கள் கோடைக்காக வடபுறத்துக் குல்ஹக்கில் இருந்தனர். வெறுமையாய் இருந்த தோட்டத்தில் தையற்காரர், செருப்புத் தைப்போர், துணி வணிகர் என்று தொழிற்குழு ஒவ்வொன்றும் தனிக் கூடாரம் அடித்தது. பெரிய அண்டாக்களில் சோறு வெந்தது. பூப்பாத்திகள் மிதிபட்டு மண்ணாயின. மரப்பட்டைகளில் இறை வாசகங்கள் செதுக்கப்பட்டன. ஆகஸ்ட் 5 அன்று ஷா பணிந்து நாடாளுமன்றத்துக்கு ஆணையிட்டார். ஈரானியர் பிரிட்டனை விடுதலையின் துணைவன் என்று நம்பிய காலம் ஒன்று உண்டென்றால் அது இந்தச் சில வாரங்களே. 1907 ஆகஸ்ட் 31 அன்று செயின்ட் பீட்டர்ஸ்பர்கில் பிரிட்டனும் ரஷ்யாவும் ஈரானை மூன்றாக வகுத்தன: தெஹ்ரான் உட்பட்ட வடக்கு ரஷ்யாவின் செல்வாக்கில், கெர்மானும் சீஸ்தானும் பந்தர் அப்பாஸும் அடங்கிய தென்கிழக்கு பிரிட்டனின் செல்வாக்கில், நடுப்பகுதி பொது. ஈரானிடம் ஒரு சொல்லும் கேட்கப்படவில்லை. பாலுக்கும் காவல் பூனைக்கும் தோழன் என்பதை இராஜதந்திர மொழியில் எழுதினால் இந்த ஒப்பந்தம் கிடைக்கும்.

இதன் பிறகான கதையைச் சுருக்கமாகவே சொல்லலாம். வெளியுறவு அமைச்சர் கர்ஸன் 1919-இல் ஈரானின் படையையும் கருவூலத்தையும் பிரிட்டிஷ் ஆலோசகர்களிடம் ஒப்படைக்கும் ஒப்பந்தத்தை உருவாக்கினார். அதைச் செய்துகொண்ட ஈரானிய அமைச்சர்கள் மூவருக்கு 1,31,000 பவுண்டு கைமாறியது. நாடாளுமன்றம் அதை ஏற்கவே இல்லை. இதே கர்ஸன் வைஸ்ராயாக இருந்த 1903-இல், யார் முதலில் யாரைச் சென்று காண்பது என்ற மரியாதைச் சண்டையில், பூஷேரில் கரையிறங்காமலே கப்பலைத் திருப்பிக்கொண்டு போனவர். பதினாறு ஆண்டுகளில் அவர் எதையும் கற்றுக்கொண்டதாகத் தெரியவில்லை. 1921 பிப்ரவரியில், காஸ்வீனில் இருந்த பிரிட்டிஷ் தளபதி அயர்ன்சைடு ஊக்குவித்த ரெஸா கான் என்னும் ஈரானியப் படை அதிகாரி தலைநகரைக் கைப்பற்றினார். பின்னாளில் ஷா ஆன அவரை, 1941-இல் சோவியத் படையோடு சேர்ந்து படையெடுத்து அகற்றி, மொரீஷியஸுக்குக் கப்பலேற்றியதும் பிரிட்டிஷாரே.

தெஹ்ரானியர் எது நடந்தாலும் ‘இது ஆங்கிலேயர் வேலை’ என்று பாதி வேடிக்கையாகச் சொல்வதன் வேர் இங்கே இருக்கிறது. ஈரஜ் பெஸெஷ்க்ஸாத் 1973-இல் வெளியிட்ட ‘என் மாமா நெப்போலியன்’ என்னும் புகழ்பெற்ற நாவலின் மாமாவுக்கு ஆங்கிலேயரைக் கண்டால் தீராத சந்தேகம். அவர் ஒற்றன் என்று ஐயுறுவது அண்டை வீட்டில் குடியிருக்கும் ஓர் இந்தியரை. அந்த நகைச்சுவையில் வரலாறு இருக்கிறது. குல்ஹக் தூதரக வளாகத்துக்குள் இருக்கும் போர் நினைவிடத்தில், முதல் உலகப் போரில் ஈரானில் இறந்து கல்லறை அறியப்படாத 3,000-க்கும் மேற்பட்டோரின் நினைவு போற்றப்படுகிறது. அவர்களில் மிகப் பெரும்பாலோர் பிரிக்கப்படாத இந்தியாவின் படையினர்.

தெஹ்ரானிலிருந்து கோரம்ஷஹருக்கு இரவு ரயில் உண்டு. ரெஸா ஷா வெளிநாட்டுக் கடன் வாங்காமல், தேயிலைக்கும் சர்க்கரைக்கும் வரி போட்டு 1938-இல் முடித்த இப்பெரும் இருப்புப்பாதையின் வழியாகவே, மூன்றே ஆண்டுகளில் நேச நாடுகள் சோவியத் ஒன்றியத்துக்குப் போர்த்தளவாடம் அனுப்பத் தொடங்கின. ரயில் ஸாக்ரோஸ் மலையின் சுரங்கங்களிலிருந்து வெளிவந்து கூஸிஸ்தானின் வெக்கையில் இறங்கும்போது, எண்ணெய் நிலம் தொடங்குகிறது. இங்கே மஸ்ஜிதே சுலைமானில், 1901-இல் வில்லியம் நாக்ஸ் டார்ஸி என்னும் முதலீட்டாளர் 60 ஆண்டுகளுக்குப் பெற்ற எண்ணெய் உரிமையின்படி, 1908 மே 26 அன்று எண்ணெய் பீறிட்டது. துளையிட்டோருக்குக் காவல் நின்றது, ஆர்னால்டு வில்சன் என்னும் இளம் அதிகாரியின் கீழ் வந்திருந்த வங்காளக் குதிரைப்படை. 1914-இல், போர்க்கப்பல்களை நிலக்கரியிலிருந்து எண்ணெய்க்கு மாற்றும் முனைப்பில், பிரிட்டிஷ் அரசே அந்த எண்ணெயை எடுத்துவந்த ஆங்கிலோ-பாரசீக எண்ணெய்க் கம்பெனியின் 51 விழுக்காட்டுப் பங்கை ஏறத்தாழ 20 லட்சம் பவுண்டுக்கு வாங்கியது. ஈரானுக்குக் கிடைத்ததோ நிகர இலாபத்தில் 16 விழுக்காடு. அந்த நிகரத்தைக் கணக்கிட்டது கம்பெனி.

அபாதானின் சுத்திகரிப்பு ஆலையை ஒட்டி, ஆற்றங்கரையில், ‘ரங்கூனியர் மசூதி’ என்னும் சிறு கட்டடம் இருக்கிறது. ஈரானிய மசூதிகளின் நீல ஓடு அங்கே இல்லை. முகப்பு முழுவதும் சுதையால் செய்து வண்ணம் தீட்டிய பூக்களும் கொடிகளும் அடர்ந்த, தென்னாசியக் கண்ணுக்கு உடனே பழகிப்போகிற வேலைப்பாடு. பர்மாவிலிருந்தும் இந்தியாவிலிருந்தும் கம்பெனி அழைத்துவந்த முஸ்லிம் தொழிலாளர்கள் எழுப்பியது அது, இன்று அருங்காட்சியகம். அந்தத் தொழிலாளர்கள் 1920-இல் வேலைநிறுத்தம் செய்தனர். ஆங்கிலேயருக்குப் பிரைம் என்னும் தோட்ட வீட்டுப் பகுதி, ஈரானியத் தொழிலாளிக்கு அஹ்மதாபாத்தின் நெருக்கடி, இடையே இந்திய எழுத்தர்களும் கைவினைஞர்களும் என்று கம்பெனி ஊரை அடுக்கியிருந்தது. 1980-88 போரில் ஈராக்கியக் குண்டுகள் அந்த அடுக்குகளைப் பெரிதும் சிதைத்தன என்றாலும், பிரைமின் புல்வெளி வீடுகளை இன்றும் அடையாளம் காணலாம்.

1951-இல் பிரதமர் மொஸாதெக்கின் அரசு எண்ணெய் நாட்டுடைமையை நடைமுறைப்படுத்தியபோது, அக்டோபர் 4 அன்று அபாதானின் கடைசி ஆங்கிலேயப் பணியாளர்கள் ஜிம்கானா கிளப்பின் முன் கூடி, ‘மொரீஷியஸ்’ என்னும் போர்க்கப்பலில் ஏறிப் போயினர். அபாதானைப் படைகொண்டு பிடிக்கும் திட்டம் பிரிட்டிஷ் பிரதமர் அட்லியின் அமைச்சரவையில் பேசப்பட்டுக் கைவிடப்பட்டது. அமெரிக்கா அதை விரும்பவில்லை என்பதை எல்லா நூல்களும் கூறுகின்றன. அதற்கு இணையான மற்றொரு காரணத்துக்கு அவை போதிய அழுத்தம் தருவதில்லை: 1838-இலும் 1856-இலும் 1915-இலும் 1941-இலும் ஈரானில் கரையிறங்கிய அந்த இந்தியப் படை 1947-க்குப் பிறகு லண்டனின் கையில் இல்லை. எனவேதான் 1953 ஆகஸ்டில் மொஸாதெக்கைக் கவிழ்க்கும் வேலை பிரிட்டிஷ் உளவுத்துறையின் தூண்டுதலில் அமெரிக்க உளவுத்துறையின் கைக்குப் போயிற்று. அதற்கான விலையாக, 1954-இல் அமைந்த புதிய எண்ணெய்க் கூட்டமைப்பில் பிரிட்டிஷ் கம்பெனிக்கு 40 விழுக்காடும் அமெரிக்கக் கம்பெனிகளுக்கு 40 விழுக்காடும் என்று பங்கு பிரிக்கப்பட்டது.